வெங்காய வேர் ஸ்லைடு பெட்டி: பெங்களூரில் எதை வாங்கலாம், எதை நாமே செய்யலாம்

சிக்பேட், அவென்யூ ரோடு பக்கத்துச் சந்துகளில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் “மைட்டாசிஸ் செட்” (செல் இரண்டாகப் பிரிவதைக் காட்டும் பெட்டி) என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பெட்டியைத்தான் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். உள்ளே செல் சுழற்சியின் நிலைகளான இன்டர்ஃபேஸ், புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று லேபிள் ஒட்டிய ஐந்து நிரந்தர ஸ்லைடுகள், 30 மில்லி அசிட்டோகார்மைன் சாயப் புட்டி, பத்து வெற்று ஸ்லைடு, ஒரு பொட்டலம் கவர் ஸ்லிப், நாலாக மடித்த சுவர்ப்படம் ஒன்று. சி.பி.எஸ்.இ. 12-ஆம் வகுப்புச் செய்முறையில் வெங்காய வேர்நுனியை நசுக்கி மைட்டாசிஸ் பார்க்க வேண்டும் என்பதால், அல்சூரிலிருந்து ராமமூர்த்தி நகர் வரை டியூஷன் நடத்துகிறவர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் இந்தப் பெட்டியைத் தேடி வருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டியாக வாங்காதீர்கள். நல்ல ஆனியன் ரூட் டிப் ஸ்லைடு ஒன்றே ஒன்று, தரமான சாயப் புட்டி, மெல்லிய கண்ணாடி கவர் ஸ்லிப், இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் செலவும் குறையும், பார்ப்பதும் கூடும். செல் பிரியும்போது, உட்கருவில் டி.என்.ஏ.வைத் தாங்கும் நூலான குரோமோசோமுக்கு நடப்பது ஒரே தொடர் ஓட்டம். நூல் மெல்ல மெல்லக் குட்டையாகித் தடித்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி அவிழ்ந்து கலைகிறது. ஐந்து லேபிள் ஒட்டிய பெட்டி அந்த ஓட்டத்தை ஐந்து தனிப் படங்களாக வெட்டிக் கையில் கொடுக்கிறது. பிள்ளைகள் ஐந்து பெயரையும் ஒப்பிப்பார்கள். புரோஃபேஸின் கடைசிக்கும் மெட்டாஃபேஸின் தொடக்கத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு செல்லைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஐந்து லேபிளும் ஒரே ஸ்லைடுதான்

வேர்நுனியில் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. ஒன்று தூங்கும், பக்கத்துச் செல் நூல் திரட்டும், அதற்கடுத்தது இரண்டாகிக் கொண்டிருக்கும். ஆகவே வேரின் ஒரு நெடுக்குவெட்டில் எல்லா நிலையும் கலந்தே இருக்கும். “மெட்டாஃபேஸ்” என்ற லேபிளின் கீழே மெட்டாஃபேஸ் செல்கள் மட்டும் இருக்க வழியில்லை. பெட்டியில் உள்ள ஐந்தும் ஒரே வகை வெட்டுகள். லேபிள்களை இடம் மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இதைவிட முக்கியமான கேள்வி, ஸ்லைடு எப்படிச் செய்யப்பட்டது என்பது. கடையில் “அண்ணா, இது செக்‌ஷனா, ஸ்குவாஷா?” என்று கேளுங்கள். அந்தப் பக்கத்துக் கடைகளில் தமிழில் கேட்டாலும் பதில் வரும். செக்‌ஷன் என்றால் மெழுகில் பதித்த வேரை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவியது. ஸ்குவாஷ் என்றால் வேர்நுனியை மென்மையாக்கி, சாயமேற்றி, கவர் ஸ்லிப்பின் கீழ் நசுக்கிப் பரப்பியது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை செக்‌ஷன்கள். அதில் தவறில்லை. செல்கள் செங்கல் அடுக்கியதுபோல வரிசையாகத் தெரியும், பிரியும் திசை புரியும், குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள்கூட நல்ல ஸ்லைடில் தெரியும். ஆனால் கத்தி குரோமோசோமின் குறுக்கேயும் போயிருக்கும். முழுச் செல்லும் அந்த 10 மைக்ரோமீட்டர் சீவலுக்குள் அடங்காது. வெங்காயத்தின் 16 குரோமோசோம்களை செக்‌ஷனில் எண்ண முயன்றால் 9 வரும், 11 வரும், ஒருநாளும் நம்பிக்கையாக 16 வராது. எண்ணுவதற்கும், ஒரு குரோமோசோமை முழு நீளத்துக்குப் பார்ப்பதற்கும் ஸ்குவாஷ்தான் வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

கடையில் ஸ்லைடை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய கோடுகள் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். ஒரு முனையாவது குவிந்து முடிய வேண்டும். இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் நுனி வெட்டுப்பட்டுப் போன வேர். பிரியும் செல்கள் நுனியை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் உண்டு என்பதால் அந்த ஸ்லைடு உதவாது. நீலக்கருப்பு நிறம் என்றால் இரும்பு ஹீமட்டாக்சிலின் சாயமாக இருக்கும். குரோமோசோமுக்கு அதுவே சிறந்தது, ஆண்டுக்கணக்கில் மங்காது. கவர் ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து காற்றுக் கோடுகள் உள்ளே ஏறியிருந்தால் பசை சுருங்குகிறது என்று பொருள். மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மைக்ரோஸ்கோப் எவ்வளவு வேண்டும்

“2000 மடங்கு பெரிதாக்கும்” என்று எழுதிய பெட்டியைக் கண்டு ஏமாற வேண்டாம். எவ்வளவு நுணுக்கம் பிரிந்து தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் பக்கத்தில் பொறித்திருக்கும் நியூமரிக்கல் அபெர்ச்சர் என்ற எண். சாதாரண 40 மடங்கு லென்ஸில் அது 0.65. பச்சை ஒளியில் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் இடைவெளியை அது பிரித்துக் காட்டும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸில் 1.25, கால் மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டிய இடைவெளி வரை போகும். அந்த எண்ணின் ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் படம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. வெங்காயக் குரோமோசோம் ஒரு மைக்ரோமீட்டருக்குக் குறையாத தடிமன் கொண்டது என்பதால் 10 மடங்கு ஐபீஸும் 40 மடங்கு லென்ஸும், அதாவது 400 மடங்கே போதும். கீழே திறந்து மூடும் ஐரிஸ் டயஃப்ரம் கட்டாயம் இருக்க வேண்டும். அதைச் சற்று மூடினால்தான் வெளிறிய நூல்களும் தெரியும். முழுக்க மூடினால் ஒவ்வொரு ஓரமும் கருவளையம் கட்டிக்கொண்டு பொய்யான இரட்டை நூல் காட்டும்.

பெட்டியில் வரும் கவர் ஸ்லிப் பல நேரம் பிளாஸ்டிக். அதைத் தூக்கி வைத்துவிடுங்கள். அழுத்தும்போது வளைகிறது, செல்கள் சமமாகப் பரவுவதில்லை. 40 மடங்கு லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. தடித்த கவர் ஸ்லிப்பில் எவ்வளவு திருகினாலும் படம் பால் தெளித்ததுபோல மங்கலாகவே இருக்கும். “நம்பர் ஒன்” கண்ணாடி, 18 அல்லது 22 மில்லிமீட்டர் சதுரம் என்று கேட்டு வாங்குங்கள்.

சாயப் புட்டி

பெட்டியோடு வருவதில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். அசிட்டோகார்மைன் என்பது 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 1 முதல் 2 சதவீதம் கார்மைனைக் கொதிக்க வைத்து வடிகட்டியது. 100 மில்லிக்கு 45 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மில்லி காய்ச்சி வடித்த நீர், 1 கிராம் கார்மைன் என்பது எளிய அளவு. கார்மைன் கொச்சினியல் பூச்சியிலிருந்து எடுப்பது, விலை அதிகம். அதனால் நீர்க்க விட்ட புட்டிகள் உலவுகின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் அடர் சிவப்பாக இருக்க வேண்டும். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தள்ளிவிடுங்கள். அடியில் கரும்பொடி படிந்திருந்தால் பழைய சரக்கு. வடிதாளில் வடிகட்டாமல் போட்டால் அந்தப் பொடி செல்லின்மேல் விழுந்து உடைந்த குரோமோசோம் போலவே நிற்கும். பிள்ளைகள் அதையும் எண்ணிவிடுவார்கள். சாயம் வெளிறலாக இருந்தால், துருவேறிய இரும்பு ஊசியால் ஸ்லைடின்மேல் உள்ள சாயத் துளியைக் கலக்குவது பழைய ஆய்வக வழக்கம். இரும்பு கலந்ததும் கார்மைன் குரோமோசோமை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அளவு மிஞ்சினால் துளி முழுக்கக் கறுத்துப் படிந்துவிடும். கிடைத்தால் அசிட்டோ-ஆர்சின் வாங்குங்கள். படிவு குறைவு, நூலும் சைட்டோபிளாசமும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

வெங்காயம்

பெரிய வெங்காயம், சாம்பார் வெங்காயம், புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் ரோஸ் வெங்காயம் மூன்றும் ஒரே இனம், மூன்றிலும் 16 குரோமோசோம்தான். சின்ன வெங்காயம் டெஸ்ட் டியூப் வாயிலேயே உட்காரும் என்பதால் அதுவே வசதி. பூண்டுப் பல்லிலும் 16 உண்டு. புத்தம் புது அறுவடை வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், வேர் விடத் தாமதமாகும். முளை விடாமலிருக்கக் கதிர்வீச்சு கொடுத்ததும் உதவாது. கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்த, முளை எட்டிப் பார்க்கும் வெங்காயத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடியில் இருக்கும் காய்ந்த வேர்களைப் பிளேடால் சுரண்டி, வேர் கிளம்பும் அடித்தட்டின் சதை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் மட்டும் நீரைத் தொட வேண்டும், முக்கால்வாசி மூழ்கினால் அழுகும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள். 3 முதல் 5 நாளில் 2 சென்டிமீட்டர் வேர் வரும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவுக் குளிரில் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்நீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துக் குளோரின் வாடை போனபின் பயன்படுத்துங்கள். உப்புக் கனத்த போர்வெல் நீரோ சோப்பு ஒட்டிய பாத்திரமோ வேண்டாம். வெங்காய வேர் நச்சுக்கு அவ்வளவு கூச்சமுள்ளது. 1938-இல் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவன் கால்ச்சிசின் என்ற நஞ்சு செல்பிரிவை என்ன செய்கிறது என்பதை இந்த வேரில்தான் ஆராய்ந்தார். அதிலிருந்து வளர்ந்த வெங்காய வேர்ச் சோதனையை இன்றும் ஆலைக் கழிவுநீரைச் சோதிக்கப் பயன்படுத்துகிறார்கள். அதே லெவன்தான் 1956-இல் ஜோ ஹின் டிஜியோவுடன் சேர்ந்து மனிதக் குரோமோசோம் 48 அல்ல, 46 என்று நிறுவினார். ஆக, அனாஃபேஸில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாலம் போல ஒரு நூல் இழுபட்டு நின்றாலோ, துண்டுகள் தனியே சிதறிக் கிடந்தாலோ முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

நசுக்கும் முறை, பிசகும் இடங்கள்

காலை 8 முதல் 10 மணிக்குள் வேர்நுனியை வெட்டுவது வழக்கம். ஆய்வக வசதி இருந்தால் 3 பங்கு எத்தில் ஆல்கஹால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்த நிலைப்படுத்தியில் (செல்லை இருந்தபடியே நிறுத்தி வைக்கும் கலவை) 24 மணி நேரம் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். இந்தக் கலவையைப் புதிதாகக் கலக்க வேண்டும். ஒரு வாரம் முன்பு கலந்து வைத்தது இரண்டும் வினைபுரிந்து வலுவிழந்திருக்கும். வீட்டில் ஆல்கஹால் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சாயத்தில் உள்ள அசிட்டிக் அமிலமே ஓரளவு நிலைப்படுத்தும். நூல்கள் சற்று உப்பித் தெரியும், அவ்வளவுதான்.

வேரை ஸ்லைடில் வைத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். அடர் அமிலத்தை வீட்டில் நீர்த்துக் கொண்டிருக்க வேண்டாம், நீர்த்ததாகவே கேட்டு வாங்குங்கள். இந்த அமிலம் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கிறது. 60 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம், ஸ்பிரிட் விளக்கின்மேல் லேசாகச் சூடு காட்டினால் அதைவிடக் குறைவு. நிமிடம் குறைந்தால் செல்கள் கட்டியாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கூடினால் வேர் கூழாகிவிடும், சாயமும் பிடிக்காது. அமிலத்தை வடிதாளால் ஒற்றி எடுத்து ஒருமுறை நீரால் கழுவிய பிறகே சாயம் விடுங்கள். இரண்டு துளி விட்டு 5 முதல் 10 நிமிடம். இடையே ஸ்லைடை விளக்கின்மேல் மூன்று நான்கு தரம் வீசினாற்போல் கொண்டுபோங்கள். புறங்கையில் வைத்தால் சுடும், ஆனால் தாங்கும், அந்தச் சூடு போதும். குமிழி எழுந்தால் கொதித்துவிட்டது. செல் சுருங்கிப்போகும், வேறு வேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேரின் ஒரு முனை மட்டும் மற்ற இடத்தைவிடக் கருஞ்சிவப்பாக இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. அந்த 1 முதல் 2 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறியுங்கள். இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் நீண்ட செவ்வகச் செல்களும் ஓரத்தில் ஒதுங்கிய சிறு உட்கருக்களும் மட்டுமே தெரிகின்றன என்றால், நுனியை எறிந்துவிட்டு வாலை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரியும் பகுதியின் செல் ஏறக்குறைய சதுரமாக இருக்கும், உட்கரு அதில் பெரும்பகுதியை அடைத்து நிற்கும்.

45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு துளி, அதன்மேல் கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள். நாலு மடிப்பு வடிதாளை மேலே போட்டு, பென்சிலின் மொட்டை முனையால் நுனி இருக்கும் இடத்தில் மெல்லத் தட்டுங்கள். வேர் மேகம் போலப் பரவும். பிறகு கட்டை விரலால் நேராகக் கீழ்நோக்கி ஒரே அழுத்து. கவர் ஸ்லிப் மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் பாய் சுருட்டினாற்போல உருண்டு, குரோமோசோம்கள் நீட்டி இழுபட்டுவிடும். எல்லாமே ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சாயம் மிஞ்சியிருக்கிறது. ஓரத்தில் 45 சதவீத அமிலம் ஒரு சொட்டு விட்டு எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சி, மறுபடி லேசாகச் சூடு காட்டுங்கள். சைட்டோபிளாசம் வெளுக்கும், குரோமோசோம் நிறம் விடாது.

கண்ணுக்குத் தெரிவதும் உள்ளே நடப்பதும்

வெங்காயத்தை இதற்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் குரோமோசோமின் பருமன். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் எண்ணிக்கொண்டிருந்த கரும்பில் பொடிப்பொடியான குரோமோசோம்கள் எண்பதும் அதற்கு மேலும் இருக்கும்; அதை எண்ணத் தனித் தேர்ச்சி வேண்டும். வெங்காயத்தின் ஒரு தொகுதி டி.என்.ஏ. ஏறக்குறைய 1,600 கோடி கார இணைகள், மனிதருக்கு ஏறக்குறைய 310 கோடி. ஒரு வெங்காயச் செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் 11 மீட்டர் அளவுக்கு வரும். 16 குரோமோசோமுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் சராசரியாக இரண்டடிக்கும் மேற்பட்ட நூல். அது மெட்டாஃபேஸில் பத்து மைக்ரோமீட்டரைச் சுற்றிய நீளத்துக்கு வந்துவிடுகிறது.

இன்டர்ஃபேஸ் உட்கரு வலை போன்ற சொரசொரப்போடு தெரியும். உள்ளே வெளிறிய வட்டம் ஒன்றிரண்டு இருந்தால் அது உட்கருமணி. கார்மைன் அதைப் பிடிப்பதில்லை. கடையில் வாங்கிய ஹீமட்டாக்சிலின் ஸ்லைடில் அதே உட்கருமணி கன்னங்கரேலென்று இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காதவர்கள் குழம்புவார்கள். இந்த நிலையிலும் டி.என்.ஏ. வெறும் நூலாக இல்லை. ஒவ்வொரு முறையும் 147 இணை நீளம் எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையைச் சுற்றி ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றி, மணி கோத்த நூலாக இருக்கிறது. மணியின் பருமன் 11 நானோமீட்டர், நம் லென்ஸுக்கு எட்டவே எட்டாது.

புரோஃபேஸ் தொடங்கும்போது சொரசொரப்பு போய் மெல்லிய நூல்கண்டு தெரியத் தொடங்கும். நிறைய உட்கருக்களைத் தேடிப் பார்த்தால் நூல் மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என்று ஒரு வரிசையே கிடைக்கும். ஐந்து லேபிள் பெட்டி காட்டாத காட்சி இதுதான். ஒரே கண்பரப்பில் ஐந்தாறு புரோஃபேஸ்களைத் தேடி மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வரைந்து பார்ப்பது இந்தச் செய்முறையிலேயே மிகவும் பயனுள்ள அரை மணி நேரம். நூலைத் திரட்டுவது கண்டென்சின் என்ற புரதம். 1997-இல் தாத்சுயா ஹிரானோவின் குழு தவளை முட்டைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து அதற்கு இந்தப் பெயர் வைத்தது. வளையம் போன்ற இந்தப் புரதம், ஊசிக் காதில் நூலை இழுத்து இழுத்து வளையம் விடுவதுபோல டி.என்.ஏ.வை உள்ளிழுத்து வளையமாக வெளித்தள்ளுகிறது. 2018-இல் அப்படி வளையம் வளர்வதைச் சோதனைச்சாலையில் நேரடியாகவே படம் பிடித்தார்கள். வளையங்களின் அடிகள் எல்லாம் ஓர் அச்சில் நெருங்க, கே.ஆர். மார்க்கெட்டில் நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம் போல அச்சைச் சுற்றி வளையங்கள் பூத்து நிற்கும். கோழிச் செல்களில் செய்த ஆய்வின்படி, புரோஃபேஸில் உட்கருவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ‘கண்டென்சின் 2’ என்ற வகை பெரிய வளையங்களை விடுகிறது. உட்கருச் சவ்வு கலைந்த பிறகு வெளியிலிருந்து வரும் ‘கண்டென்சின் 1’ என்ற வகை, ஏறக்குறைய 4 லட்சம் இணை நீளமுள்ள அந்த வளையங்களுக்குள் 80 ஆயிரம் இணை அளவில் சிறு வளையங்களை விடுகிறது. அச்சும் சுருள்படி போல முறுகுகிறது. நீளம் குறைந்து தடிமன் கூடுவதற்குக் காரணம் இது.

பின் புரோஃபேஸில் நல்ல சாயத்தில் ஒவ்வொரு நூலும் இரட்டை என்பது தெரியும். டி.என்.ஏ. இன்டர்ஃபேஸிலேயே இரட்டித்துவிட்டதால் இரண்டு நகல் நூல்களும் (குரோமாட்டிடுகள்) ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. கொஹீசின் என்ற வளையப் புரதம் அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. நகல் எடுக்கும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இழைகளை ‘டோப்போஐசோமரேஸ் 2’ என்ற நொதி வெட்டி, மற்ற இழையைக் கடத்தி, மறுபடி ஒட்டிச் சிக்கெடுக்கிறது.

மெட்டாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் (இரட்டை நூல்கள் இறுக ஒட்டியிருக்கும் இடங்கள்) மட்டும் நடுத்தளத்தில் வரிசை கட்டும். கைகள் இரு பக்கமும் தொங்கும். “எக்ஸ் வடிவம் எங்கே?” என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சாதாரண ஸ்குவாஷில் அது தெரியாது. கதிர்கோலைக் கலைக்கும் மருந்து கொடுத்துச் செல்லை மெட்டாஃபேஸிலேயே நிறுத்தி வைக்கும்போது, கைகள் விலகி சென்ட்ரோமியர் மட்டும் ஒட்டி நிற்பதால் வரும் உருவம் அது. அதற்கு 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுவினோலினில் 3 முதல் 4 மணி நேரம் ஊறவைப்பார்கள். இது ஆசிரியர் பக்கத்தில் நின்று ஆய்வகத்தில் செய்ய வேண்டியது. கால்ச்சிசின் கடும் நஞ்சு, வீட்டுப் பக்கமே வரக் கூடாது.

அனாஃபேஸில் செப்பரேஸ் என்ற நொதி கொஹீசினை வெட்டுகிறது. இரண்டு கூட்டமும் ஒரே கணத்தில் விலகத் தொடங்குவது அதனால்தான். சென்ட்ரோமியர் முன்னே போக, கைகள் பின்னே இழுபட்டு வரும். வெங்காயத்தில் சென்ட்ரோமியர் பெரும்பாலும் நடுவிலோ நடுவை ஒட்டியோ இருப்பதால் ஆங்கில வி, ஜே எழுத்து வடிவங்களே அதிகம். மெட்டாஃபேஸில்தான் குரோமோசோம் மிகக் குட்டை என்று பாடம் சொல்லும். பாலூட்டிச் செல்களில் 2007-இல் அளந்து பார்த்தபோது அனாஃபேஸின் கடைசியில் இன்னும் இறுகுவது தெரிந்தது. டீலோஃபேஸில் இரண்டு முனையிலும் கொத்தாக ஒட்டிக் கலங்கி, நடுவில் செல் தட்டு மெல்லிய கோடாகத் தெரியும். நூல் அவிழ்வது திரள்வதன் தலைகீழ்ப் படம் போலவே இருப்பதால், டீலோஃபேஸ் முடிந்த உட்கருவைப் புரோஃபேஸ் என்று எழுதிவிடுவார்கள். அளவைப் பாருங்கள். டீலோஃபேஸ் உட்கரு சிறியது, பக்கத்திலேயே அதே அளவில் ஜோடி இருக்கும். புரோஃபேஸ் உட்கரு பெரியது, தனி.

சுவர்ப்படம்

ஒட்டுவதற்கு முன் இரண்டு இடத்தில் திருத்துங்கள். பெட்டியில் வரும் படம் 11 நானோமீட்டர் நூல் 30 ஆகி, 300 ஆகி, 700 ஆகி என்று படிப்படியாகச் சுருளும் பழைய படம். ஒழுங்கான அந்த 30 நானோமீட்டர் சுருளை உயிருள்ள செல்களின் குரோமோசோமில் தேடிய ஆய்வுகளில் அது அகப்படவில்லை. மணிநூல் ஒழுங்கின்றி மடிந்தே வளையமாகிறது. இரண்டாவது, படத்தில் உள்ளது விலங்குச் செல். கதிர்கோலின் முனையில் வரையும் சென்ட்ரியோலும் நடுவில் இடுங்குவதும் வெங்காயத்தில் இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்லைடில் சென்ட்ரியோலைத் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

செய்த ஸ்லைடு காய்ந்துவிடாமல் இருக்க கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்திலும் நெயில் பாலிஷ் பூசினால் சில நாள் தாங்கும். மழைக்காலத்தில் மைக்ரோஸ்கோப் லென்ஸில் பூஞ்சை ஏறும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். நிலைப்படுத்திய வேர்நுனிகள் 70 சதவீத ஆல்கஹாலில், ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கெடாது. ஒருமுறை இருபது வேர் வெட்டி வைத்தால் தேர்வு வரைக்கும் வரும். புட்டியின் வெளியே பேனாவால் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் மை கரைந்து ஓடிவிடும். தேதியைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள்.